கோரிக்கை எங்கே நின்றது?

"சர்வர் ஓடவில்லை" என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே கோளாறைச் சொல்வதில்லை. ஒருவருடைய கணினியில் அது தொடங்கும்போதே நின்றுபோயிருக்கும். இன்னொருவருக்கு அது ஒழுங்காகத் தொடங்கி, அதே கணினியில் பக்கத்தையும் காட்டும். அடுத்த அறையிலுள்ள லேப்டாப்பிலிருந்து மட்டும் எட்டாது. மூன்றாமவருடைய கோரிக்கை சர்வர் வரை போய், அனுமதி இல்லை என்ற பதிலோடு திரும்பி வரும். நான்காமவருக்குப் பக்கம் வந்துவிடும், எழுத்துகள்தான் சிதைந்திருக்கும். இந்த நால்வருக்கும் பொதுவான தீர்வு கிடையாது. ஆனால் நால்வரும் பெரும்பாலும் ஒன்றையே செய்கிறார்கள்: ரீஸ்டார்ட் செய்வது, ஃபயர்வாலை அணைப்பது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. மேசைக் கணினியில் ஒரு வெப் சர்வரை நிறுவிச் சோதிக்கும் வேலையை அதிர்ஷ்டத்திடம் விட வேண்டியதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தனி வடிவம் உண்டு. கோரிக்கை எதுவரை போய் நின்றது என்பதை அந்த வடிவமே சொல்லிவிடும்.

சர்வர் தொடங்கும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்பாச்சி ஆனாலும் என்ஜின்எக்ஸ் ஆனாலும் அது மற்றவற்றைப் போல ஒரு புரோகிராம்தான். முதலில் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. பிறகு இயங்குதளத்திடம், இன்ன முகவரியில் இன்ன எண்ணுள்ள போர்ட்டுக்கு வரும் இணைப்புகளை என்னிடம் கொடு என்று கேட்கிறது. இயங்குதளம் சம்மதித்தால் காத்திருக்கத் தொடங்குகிறது. மறுத்தால் காரணத்தை எழுதிவைத்துவிட்டு முடிந்துபோகிறது. போர்ட் எண் 16 பிட் அளவுள்ளது, ஆகவே 0 முதல் 65535 வரை போகும். சாதாரண வலைப் பக்கங்களுக்கு 80, பூட்டுக்குறியோடு வரும் பாதுகாப்பான பக்கங்களுக்கு 443 என்பது உலகம் ஒத்துக்கொண்ட வழக்கம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 1024க்குக் கீழுள்ள எண்களை நிர்வாகி உரிமை உள்ள புரோகிராம்தான் கேட்கலாம் என்பது பழைய மரபு. பழகுவதற்கான சர்வர்கள் 8000, 8080 போன்ற எண்களில் ஓடுவதற்கு இது ஒரு காரணம். பைத்தானோடு சேர்ந்தே வரும் சிறிய சர்வர், நாம் எண் எதுவும் சொல்லாவிட்டால், 8000ஐ எடுத்துக்கொள்கிறது.

ஆக, தொடக்கத்திலேயே விழுந்துவிடும் சர்வருக்கு முக்கியமான காரணங்கள் இரண்டுதான். அமைப்புக் கோப்பில் பிழை இருக்கலாம். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும், ஓடத் தொடங்காமலே அமைப்புக் கோப்பை மட்டும் சரிபார்க்கும் வசதியைத் தருகின்றன. பிழை எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்றுகூடச் சொல்லிவிடும். இரண்டாவது காரணம் போர்ட் மோதல். ஒரு முகவரியில் ஒரு போர்ட்டை ஏற்கெனவே ஒரு புரோகிராம் பிடித்திருந்தால் இன்னொன்றுக்குப் பொதுவாக அது கிடைக்காது. லினக்ஸில் 98, விண்டோஸில் 10048 என்ற பிழை எண்கள் இதைத்தான் சொல்கின்றன. ஒரு காலத்தில் ஸ்கைப்பின் பழைய பதிப்புகள் 80, 443 இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அப்பாச்சியை முதன்முதலாக நிறுவியவர்கள் பலர் காரணம் தெரியாமல் தவித்தது அதனால்தான். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்து, 80ஐப் பிடித்திருக்கும் புரோகிராமின் எண் 4 என்று வந்தால், அது விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஓடும் எச்டிடிபி சேவை. மைக்ரோசாஃப்டின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் பின்னால் விழித்திருக்கக்கூடும். அப்போது பிரவுசரில் ஏதோ ஒரு வரவேற்புப் பக்கம் வரும், நம் சர்வர்தான் பதில் சொல்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். பதில் வருவது வேறு, நம் சர்வர் பதில் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சர்வர் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிரவுசர் அதை அணுக முயல்கிறது. இந்த இடத்தில் வரும் தோல்விகள்தான் அதிகமாகச் சொல்பவை, அதிகமாகக் கவனிக்கப்படாதவையும் அவையே. இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஒரு செய்தி வரும்; இணைப்புக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று இன்னொன்று வரும். இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் இவை கிட்டத்தட்ட எதிரெதிரான சேதிகள். 1981 செப்டம்பரில் வெளியான டிசிபி விதிமுறைப்படி, இணைய விரும்பும் கணினி முதலில் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்புகிறது. அந்தப் போர்ட்டில் யாராவது காத்திருந்தால் ஒப்புதல் திரும்பி வரும். பதிலுக்கு இந்தப் பக்கமும் ஓர் ஒப்புதலை அனுப்பினால் இணைப்பு உறுதியாகிவிடும். யாரும் காத்திருக்கவில்லை என்றால் அந்தக் கணினியின் இயங்குதளம் உடனே ஒரு மறுப்புப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். ஆகவே மறுப்பும் ஒரு பதில்தான். அந்தக் கணினி விழித்திருக்கிறது, வழி திறந்திருக்கிறது, நம் பாக்கெட் போய்ச் சேர்ந்தது, பதிலும் திரும்பியது. இத்தனை நல்ல செய்திகள் அந்த ஒரு மறுப்புக்குள் இருக்கின்றன. குறை ஒன்றுதான்: அந்தப் போர்ட்டில் சர்வர் இல்லை.

மௌனம் வேறு மாதிரி. பாக்கெட் போய்ச் சேராமல் இருக்கலாம், அல்லது வழியில் ஒரு ஃபயர்வால் அதை வாங்கிப் பதில் சொல்லாமல் எறிந்திருக்கலாம். அனுப்பிய கணினிக்கு இது தெரியாது. அது மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் பல பதிப்புகள் வழக்கமான அமைப்பில் 6 முறை மறுமுயற்சி செய்கின்றன. 1 நொடி, 2, 4, 8, 16, 32 என்று ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகும். கடைசி முயற்சிக்குப் பிறகு 64 நொடி பார்த்துவிட்டுக் கைவிடும். கூட்டினால் 127 நொடி. அதாவது தோல்வி வர எவ்வளவு நேரமாகிறது என்பதே ஓர் அளவை. ஓரிரு நொடிக்குள் வந்துவிட்டால் சர்வர் ஓடுகிறதா, சரியான போர்ட்டில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்தால் ஃபயர்வாலையும் வழியையும் பார்க்க வேண்டும். சில ஃபயர்வால்களை எறியாமல் மறுக்கும்படியும் அமைக்கலாம், ஆகவே இந்த விதிக்கு விலக்கு உண்டு. ஆனாலும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு இதைவிட மலிவான தடயம் கிடையாது.

தடயத்தைப் படிப்பதோடு வரிசையும் முக்கியம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அனுபவமுள்ள விவசாயி வயலில் நின்று யோசிக்க மாட்டார்; மதகிலிருந்து வாய்க்காலோடு நடந்து வருவார். சர்வரையும் அதன் அருகிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு புதிய பொருள்தான் சேர வேண்டும். முதல் படி 127.0.0.1 என்ற முகவரி. இதற்கு அனுப்பும் பாக்கெட் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் வேலை செய்யும். இங்கே பக்கம் வந்துவிட்டால் சர்வரும் அதன் கோப்புகளும் சரி, மிச்சமெல்லாம் வெளியே. அடுத்த படி, அதே கணினியில் இருந்துகொண்டே 192.168 என்று தொடங்கும் அதன் உள்வலை முகவரியைக் கேட்பது. இந்தப் பாக்கெட்டும் வெளியே போவதில்லை, ஆகவே இது வெளியிலிருந்து வருபவற்றைத் தடுக்கும் ஃபயர்வாலைச் சோதிக்காது. அது சோதிப்பது, சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை. 127.0.0.1இல் மட்டும் காத்திருக்கும்படி அமைத்திருந்தால் முதல் படியில் வெற்றி, இரண்டாவதில் மறுப்பு. மூன்றாவது படி, அதே வைஃபையில் உள்ள கைபேசியிலிருந்து கேட்பது. இப்போதுதான் ஃபயர்வால் களத்துக்கு வருகிறது. இங்கே மௌனம் வந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைசியாகச் சேர்ந்த ஃபயர்வாலையும் அந்த வைஃபையையும் பார்த்தால் போதும்.

முதல் படியிலேயே ஒரு சிறு பொறி உண்டு. 127.0.0.1 என்று எண்ணாக எழுதுவதற்குப் பதில் பலரும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரையே தட்டுகிறார்கள். இன்றைய கணினிகளில் அந்தப் பெயர் பழைய ஐபிவி4 முகவரிக்கும் போகலாம், ::1 என்ற ஐபிவி6 முகவரிக்கும் போகலாம். சர்வர் ஒன்றில் மட்டும் காத்திருக்க, கேட்கும் கருவி மற்றொன்றை மட்டும் முயன்றால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் ஓடாததைப் போலத் தோன்றும். சோதனையின்போது எண்ணையே தட்டுவது நல்லது.

வீட்டுக்கு வெளியிலிருந்து சர்வரை எட்ட வேண்டும் என்றால் நிலைமை கடினமாகிறது. ஐபிவி4இல் மொத்த முகவரிகளே ஏறத்தாழ 430 கோடிதான். அந்தத் தட்டுப்பாட்டால்தான் 192.168, 10 எனத் தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் வலைக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996இல் வரையறுத்தார்கள். வெளியிலிருந்து அந்த முகவரிகளுக்கு வழி கிடையாது. ரவுட்டர்தான் ஒரு போர்ட்டை உள்ளே திருப்பிவிட வேண்டும். அதுவும் போதாமல், இணைய நிறுவனங்களே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கு 2012இல் இன்னொரு தொகுதியை ஒதுக்கினார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அப்படியான ஒரு வலைக்குள் இருக்கிறீர்கள். அப்போது ரவுட்டரில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் தடை உங்கள் கையில் இல்லாத ஓரிடத்தில் இருக்கிறது. இதை முன்பே பார்த்துக்கொண்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். வெளியிலிருந்து சோதிப்பதற்குக் கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் கேட்க வேண்டும். வீட்டு வலைக்குள் இருந்தபடியே தன் பொது முகவரியைக் கேட்டால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. அந்தச் சோதனையின் தோல்விக்கு எந்த அர்த்தமும் இல்லை.

இதுவரை சொன்னவை கோரிக்கை சர்வரை எட்டும் முன் நடப்பவை. எட்டிய பின் பேச்சு மூன்று இலக்க எண்களில் நடக்கிறது. எச்டிடிபியின் முதல் வடிவத்தில் இந்த எண்கள் கிடையாது. கேட்டால் பக்கம் வரும், அவ்வளவுதான். 1996 மே மாதம் ஆவணமாக வெளியான 1.0 பதிப்பில் இவை வந்துவிட்டன. மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி 1982இலேயே மூன்று இலக்கப் பதில்களைப் பயன்படுத்தியது. அதே சிந்தனை இங்கும் தொடர்கிறது. முதல் இலக்கம் 4 என்றால் கேட்டதில் பிழை, 5 என்றால் சர்வரின் பக்கத்தில் பிழை. இதில் முதலில் கவனிக்க வேண்டியது எண்ணின் பொருளைக்கூட அல்ல, எண் ஒன்று வந்தது என்பதைத்தான். 403 வந்தாலும் 500 வந்தாலும், வலை, ஃபயர்வால், போர்ட் மூன்றையும் கடந்து கோரிக்கை ஏதோ ஒரு சர்வரின் கைக்குப் போய்விட்டது. 403ஐப் பார்த்துவிட்டு ஃபயர்வாலை அணைப்பவர், வந்து சேர்ந்த கடிதத்துக்காகத் தபால் நிலையத்தில் சண்டை போடுகிறார். லினக்ஸில் 403க்கு அடிக்கடி காரணமாக இருப்பது கோப்பின் அனுமதிகூட அல்ல, அதற்கு மேலேயுள்ள ஏதோ ஒரு ஃபோல்டரின் அனுமதி. வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் கடக்கும் உரிமை சர்வருக்கு வேண்டும். பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் பக்கங்களை வைக்கும்போது அது கிடைக்காமல் போகிறது. விண்டோஸில் எழுதிய தளத்தை லினக்ஸுக்கு மாற்றியதும் படங்கள் மட்டும் 404 என்று வந்தால், பெரும்பாலும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கும். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும்.

எல்லாம் சரி என்று சொல்லும் 200ஐக்கூட அப்படியே நம்பக் கூடாது. தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். சர்வர் தன் பதிலின் நீளத்தைப் பைட்டுகளில் சொல்ல வேண்டும். பழகும்போது தாமே ஒரு சிறிய சர்வரை எழுதுகிறவர் குறியீடுகளை எண்ணி 5 என்று எழுதிவிட்டால், பிரவுசர் 5 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். "த" முழுதாக வரும், "ம" பாதியில் அறுந்து ஒரு கேள்விக்குறியாக நிற்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் இதே பிழை ஆங்கிலப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. அதே போல, எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்காமல் பழைய மேற்கு ஐரோப்பிய முறையை அறிவித்துவிட்டால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று அந்நியக் குறிகள் வரும். ஆகவே அப்பாச்சியோடு வரும் ஆங்கில வரவேற்புப் பக்கம் தெரிந்தவுடன் சோதனை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நாம் உண்மையில் வெளியிடப்போகும் மொழியில் ஒரு பக்கம் வைத்துப் பார்ப்பதே சோதனை.

இந்த முறைக்கு எதிராகச் சில நியாயமான வாதங்கள் உண்டு. தடயங்களே பொய் சொல்கின்றனவே என்பது ஒன்று. பிங் கட்டளை பதில் தருகிறது, பக்கமோ வரவில்லை; அல்லது பிங் பதிலே இல்லை, பக்கம் வந்துவிடுகிறது. சர்வரை நிறுத்தியபின்னும் பிரவுசர் பழைய பக்கத்தைக் காட்டுகிறது. சாதாரண முகவரியைத் தட்டினால் பிரவுசர் தானாகவே பாதுகாப்பான முகவரிக்கு மாற்றிக்கொண்டு போய் விழுகிறது. இவை உண்மைதான். 2017 டிசம்பரில் வெளிவந்த குரோம் 63, டாட் டெவ் என்று முடியும் பெயர்கள் எல்லாவற்றையும் பாதுகாப்பான இணைப்புக்குக் கட்டாயமாக மாற்றியபோது, தங்கள் கணினிக்குள் சோதனைக்காக அந்தப் பெயரை வைத்திருந்தவர்களின் பக்கங்கள் திடீரென்று திறக்காமல் போயின. அவர்களுடைய சர்வரில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. ஆனால் இங்கே தடயம் பொய் சொல்லவில்லை. வேறொன்றை அளக்கும் கருவியை நாம் இதற்கு எடுத்துக்கொண்டோம். பிங் 1983இல் மைக் மூஸ் எழுதியது. அது போர்ட்டுகளைத் தொடுவதே இல்லை, கணினி எட்டுகிறதா என்பதை மட்டும் வேறொரு விதிமுறையில் கேட்கிறது. பிரவுசர் மனிதருக்கு வசதி செய்யக் கட்டப்பட்டது. நினைவில் வைத்திருப்பதும் திருத்திக்கொள்வதும் அதன் வேலை. சோதனைக்கு கர்ல் போன்ற, நினைவு எதுவும் இல்லாத கருவி வேண்டும். அது கேட்டதையும் வந்ததையும் அப்படியே காட்டும். இவற்றுக்கெல்லாம் மேலே இறுதிச் சாட்சியாகச் சர்வரின் சொந்தப் பதிவேடு இருக்கிறது. ஆக்சஸ் லாகில் வரி விழுந்திருந்தால் கோரிக்கை வந்து சேர்ந்தது. விழாவிட்டால் அநேகமாக வரவில்லை. அநேகமாக என்று சொல்லக் காரணம், அப்பாச்சி அந்த வரியைக் கோரிக்கை முடிந்த பிறகே எழுதுகிறது. உள்ளே சிக்கித் தொங்கிக்கொண்டிருக்கும் கோரிக்கை அதில் உடனே தெரியாது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: இவ்வளவு பார்ப்பதற்குள் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமே. சில சமயம் அது பலிக்கும் என்பதை மறுக்க முடியாது. ரீஸ்டார்ட் செய்தால் போர்ட்டைப் பிடித்திருந்த புரோகிராம் விழுந்துவிடலாம். ஆனால் மோதலுக்குக் காரணமான புரோகிராம் கணினியோடு சேர்ந்து தொடங்குவது என்றால் நாளை மறுபடி அதே இடத்தில் நிற்போம். மறு இன்ஸ்டால் பலர் நினைப்பதுபோல எல்லாவற்றையும் துடைப்பதும் இல்லை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஒரு மென்பொருளைச் சாதாரணமாக நீக்கினால் அதன் அமைப்புக் கோப்புகள் அங்கேயே இருக்கும். பிழையுள்ள வரி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கோளாறு ஃபயர்வாலிலோ ரவுட்டரிலோ இருந்தால் சர்வரை எத்தனை முறை நிறுவினாலும் அது தீராது. எல்லாவற்றையும் விட மோசமானது, ஒரே நேரத்தில் பத்து விஷயங்களை மாற்றுவதால் எது தீர்த்தது என்று தெரியாமல் போவது. ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்து, பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவதுதான் ஆய்வுக்கூடத்தின் ஒழுக்கம். முதல் முறை இது மெதுவானது. இரண்டாம் முறையிலிருந்து இதைவிட வேகமானது எதுவும் இல்லை.

மேகக் கணினிகளின் காலத்தில் மேசைக் கணினியில் சர்வர் எதற்கு என்றும் கேட்கலாம். 1990இல் ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் வெப் சர்வர் ஓடியது டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினியில்தான்; இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். மேசைக் கணினி இதற்குத் தகுதியற்றது என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. அதைவிட முக்கியமான பதில் வேறு. வாடகைச் சர்வரிலும் நிலைகள் இவையேதான். அமேசானின் மேகத்தில் செக்யூரிட்டி குரூப் என்ற வேலி, அனுமதியில்லாத பாக்கெட்டைப் பதிலின்றி எறிகிறது. விளைவு அதே நீண்ட மௌனம். டாக்கர் பெட்டிக்குள் 127.0.0.1இல் மட்டும் காத்திருக்கும் சர்வரை வழக்கமான அமைப்பில் வெளியிலிருந்து எட்ட முடிவதில்லை. மேலே சொன்ன இரண்டாம் படியின் கோளாறு அப்படியே இங்கே வருகிறது. வேறுபாடு ஒன்றுதான்: மேசைக் கணினியில் சர்வர், போர்ட், ஃபயர்வால், பதிவேடு எல்லாம் நம் கைக்கு எட்டும் தூரத்தில், கட்டணமின்றி, நாம் கெடுத்துப் பார்க்கத் தயாராக இருக்கின்றன. கற்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சம் மட்டும் விவாதமின்றி ஏற்கத்தக்கது. எக்ஸ்ஏஎம்பிபி போன்ற தொகுப்புகள் கற்பவரின் வசதிக்காகப் பூட்டுகளைத் திறந்தே வைத்திருக்கின்றன. அதில் டேட்டாபேஸின் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இருப்பதில்லை. அதை உருவாக்கியவர்களே இது பொதுப் பயன்பாட்டுக்கு அல்ல என்று எச்சரிக்கிறார்கள். ஆகவே கற்கும் காலத்தில் சர்வரை 127.0.0.1இல் மட்டும் காத்திருக்க விடுங்கள், ரவுட்டரில் வழி திறக்காதீர்கள், சோதனைக்காக ஃபயர்வாலை அணைத்தால் அதே நிமிடம் திரும்பப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை பக்கம் வராதபோது இன்ஸ்டால் கோப்பைத் தேடிப் போகும் முன், எரர் லாகைத் திறந்து அதன் கடைசிச் சில வரிகளை முழுதாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.